அறச் சிக்கலுக்கு மதிப்பெண் போடுவது: சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

"சமூக ஆய்வில் அறநெறிகளை விவரி" என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் எட்டு வாங்கிவிடுவார்கள். ஒப்புதல் பெற வேண்டும், பெயரை வெளியிடக் கூடாது, தகவலை ரகசியமாக வைக்க வேண்டும், யாருக்கும் தீங்கு வரக் கூடாது. நான்கு தலைப்பு, தலைப்புக்கு நான்கு வரி. அதே மாணவர் அடுத்த வாரம் களப்பணிக்குப் போய், பெயரும் கதவு எண்ணும் எழுதிய கணக்கெடுப்புத் தாளைப் போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். விதி அவருக்குத் தெரியும். அந்த விதி பொருந்தும் இடம் இதுதான் என்று கண்ணில் படவில்லை. நாம் வைத்த தேர்வு அந்தக் கண்ணைச் சோதிக்கவே இல்லை.

சென்னைக் கலை அறிவியல் கல்லூரிகளில் இந்த வேலை பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து விழுகிறது: மதிப்புக்கல்வித் தாள், ஆய்வு முறையியல் தாளின் கடைசி அலகு. முன்னதில் நீதிபோதனை நடக்கும், பின்னதில் மனப்பாடம். கடைசி அலகு என்பதால் செமஸ்டர் முடிகிற அவசரத்தில் இரண்டு வகுப்பில் ஓட்டிவிடுவதும் உண்டு. இன்டர்னலில் ஒரு அசைன்மென்ட்டை மட்டும் ஒழுங்காக வடிவமைத்தால் போதும், நிலைமை வெகுவாக மாறும். அதற்கான வழிமுறை கீழே.

முதலில் எதை அளக்கிறோம் என்று தெளிவு வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட் அறச் செயலை நான்காகப் பிரித்தார்: இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது என்று உணர்வது, எது சரி என்று தீர்மானிப்பது, சொந்த லாபத்தைத் தள்ளிவைத்து அதற்கு முதலிடம் தருவது, கஷ்டம் வந்தாலும் அதில் நிற்பது. விடைத்தாளில் முதல் இரண்டைத்தான் பார்க்க முடியும். ஒரு மாணவர் நல்லவரா என்பதை 50 நிமிடத் தேர்வு சொல்லாது. அப்படிச் சொல்வதாகப் பாவனை செய்வதும் நியாயமில்லை. ஆகவே பாடவிளைவுப் பட்டியலில் "மாணவர் அறநெறி மிக்க குடிமகனாக உருவாவார்" என்று இருந்தால் அடித்துவிட்டு, "கொடுக்கப்பட்ட களச் சூழலில் மோதும் கடமைகளை அடையாளம் கண்டு, ஒரு முடிவை எதிர்வாதத்தோடு சேர்த்து நியாயப்படுத்துவார்" என்று எழுதுங்கள். இதை ப்ளூம் வகைப்பாட்டின் கே-4 (பகுத்தாய்தல்), கே-5 (மதிப்பிடுதல்) நிலைகளில் வைக்கலாம், அளக்கலாம், கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு கேட்டால் விடைத்தாளையே எடுத்துக் காட்டலாம்.

ரெஸ்ட் உருவாக்கிய, அப்படியே எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அறத் தீர்மானத் தேர்வு ஒன்றும் இருக்கிறது, டிஐடி (Defining Issues Test) என்பார்கள். அதன் இரண்டாம் பதிப்பில் ஐந்து சிக்கல்கள். ஒவ்வொன்றுக்கும் 12 கூற்றுகள். மாணவர் கூற்றுகளுக்கு மதிப்பிட்டு, முக்கியமான நான்கை வரிசைப்படுத்த வேண்டும். பெரிய குழுவின் சராசரி எப்படி நகர்கிறது என்று ஆராய அது உதவும். ஒரு தனி மாணவருக்கு இன்டர்னல் போட உதவாது. சிக்கல்களும் பெரும்பாலும் அமெரிக்கச் சூழலில் எழுதியவை. முனைவர் பட்டத்துக்கு வேண்டுமானால் எடுங்கள், இளங்கலை வகுப்புக்கு வேண்டாம்.

கேள்வியை உருவாக்குவது

மொத்த உழைப்பில் பாதி இங்கே போக வேண்டும். கேள்வி சொதப்பினால் எவ்வளவு நல்ல மதிப்பீட்டு அட்டவணையும் காப்பாற்றாது. ஒரு சூழல் கேள்வியை முழுதாகத் தருகிறேன். பிறகு அதன் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

"நீங்கள் மூன்றாமாண்டு சமூகவியல் மாணவி. பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் 40 வீடுகளில் குழந்தைகளின் படிப்பு பற்றிக் கணக்கெடுத்திருக்கிறீர்கள். 'விவரங்கள் கல்லூரி ஆய்வுக்கு மட்டும்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள். அங்கே உங்களை அறிமுகப்படுத்திவைத்த தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் அக்கா, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் கதவு எண்களைக் கேட்கிறார். உங்கள் தாளில் அப்படி 7 வீடுகள். பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது, இப்போதே பேசினால் சேர்த்துவிடலாம் என்கிறார். அந்த 7-இல் 3 வீடுகளில் ஒதுக்கீடு பெற்றவர்கள் வேறிடம் போய்விட்டார்கள், இருப்பவர்கள் வாடகைக்கு வந்தவர்கள். அது வெளியே தெரிந்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்று ஒரு அம்மா உங்களிடம் பயந்து சொல்லியிருக்கிறார். நிறுவனம் தன் பட்டியலை வேறு யாரிடமெல்லாம் கொடுக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வழிகாட்டி ஆசிரியர் போனை எடுக்கவில்லை. அக்காவுக்கு மாலை 5 மணிக்குள் பதில் வேண்டும். என்ன செய்வீர்கள்? ஏன்?"

முடிவெடுப்பவர் ஒரே ஒருவர். அவர் மாணவியே. "அரசு என்ன செய்ய வேண்டும்" என்று கேட்டால் தலையங்கம் எழுதிவிடுவார்கள்: அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும். முடிவின் பாரம் தன் தோளில் விழும்போதுதான் யோசனை தொடங்கும். நேரக்கெடுவும் எடுக்காத போனும் எதற்கென்றால், அவை இல்லாவிட்டால் மூன்றில் ஒரு தாள் "வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு அவர் சொல்படி நடப்பேன்" என்று முடியும். நிஜ வாழ்க்கையில் அது நல்ல பதில்தான். தேர்வில் அது தப்பிக்கும் வாசல்.

மோதும் இரண்டு பக்கமும் நல்ல பக்கமாக இருக்க வேண்டும். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாக்குக் கொடுத்து வாங்கிய தகவலைக் காப்பதும் கடமை. அக்காவை லஞ்சம் வாங்குபவராகவோ, பெற்றோரைக் குடிகாரர்களாகவோ வரைந்துவிட்டால் சிக்கல் செத்துப்போகும். வில்லன் எதிரே நிற்கும்போது யாரும் யோசிக்க மாட்டார்கள். தெரியாத தகவல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இங்கே அது நிறுவனத்தின் பட்டியல் எங்கே போகும் என்பது. "தெரியாது" என்று கேள்வியிலேயே எழுதியிருந்தும், தாளில் அது உறுதியான நல்லதாகவோ உறுதியான கெட்டதாகவோ மாறிவிடும். அப்படி மாற்றாமல் "தெரியாததால் இப்படிச் செய்கிறேன்" என்று எழுதும் மாணவரைத் தனியாகக் கண்டுகொள்ளலாம். 7, 3 என்ற எண்களும் அலங்காரத்துக்கு இல்லை. ஏழையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறாரா, மூன்றையும் நான்கையும் பிரித்துப் பார்க்கிறாரா என்று அவை காட்டிக்கொடுக்கும்.

சொற்கள் 250-க்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் வாசிப்புத் திறனைச் சோதிப்பதாக ஆகிவிடும்.

வேண்டாத கேள்விகளையும் சொல்லியாக வேண்டும். "நண்பன் காப்பி அடிக்கிறான், என்ன செய்வாய்?" என்பதற்கு ஆசிரியர் எதிர்பார்க்கும் பதில் ஊருக்கே தெரியும். சட்டம் ஏற்கெனவே தீர்த்துவிட்ட விஷயத்தைச் சிக்கல் என்று கொடுப்பது அதைவிட ஆபத்து. களத்தில் ஒரு குழந்தை பாலியல் கொடுமை பற்றிச் சொல்கிறது, ரகசியம் காப்பதா வெளியே சொல்வதா என்று கேட்பதை வினாத்தாள்களில் பார்க்கலாம். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தகவல் தெரிந்த எவரும் புகார் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் தண்டனையும் உண்டு. அங்கே இரண்டு பக்கம் கிடையாது. அதை விவாதப் பொருளாக்கினால், மறைப்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்தது போல ஆகும். அதைச் சட்ட அறிவுக் கேள்வியாகத் தனியே கேளுங்கள்.

வரலாற்றில் பெயர் கெட்ட ஆய்வுகளும் அப்படித்தான். 1932 முதல் 1972 வரை அமெரிக்காவில் கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் கவனித்துவந்த டஸ்கீகி ஆய்வு தவறா என்று கேட்டால் தவறு என்று எல்லாரும் எழுதுவார்கள். தீர்ப்பு அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பாடம் நடத்த நல்ல பொருள், அளக்க உதவாது.

மதிப்பீட்டு அட்டவணை

அமெரிக்கக் கல்லூரிகள் மற்றும் பல்கலைக்கழகங்கள் சங்கம் 2009-இல் வெளியிட்ட வேல்யூ அட்டவணைகளில் அற வாதத்துக்கு ஒன்று உண்டு. ஐந்து அளவுகோல், நான்கு நிலை. பல கல்லூரிகள் அதை அப்படியே பிரதி எடுத்துக் கோப்பில் வைத்துவிடுகின்றன. எலும்புக்கூடாக அது நல்லதுதான், ஆனால் முதல் அளவுகோலை நம் வகுப்பறையில் அப்படியே போட முடியாது. தன் அடிப்படை நம்பிக்கைகள் என்ன, அவை எங்கிருந்து வந்தன என்று மாணவர் விவரிக்க வேண்டும் என்கிறது அது. இதற்கு நேர்மையாகப் பதில் எழுதினால் சாதி, மதம், குடும்ப நிலை எல்லாம் தாளில் வந்துவிடும். அந்தத் தாளைத் திருத்துபவரும் இதே சமூகத்தில் இருப்பவர். சொல்ல விரும்பாதவருக்கு மதிப்பெண் குறையும், சொன்னவருக்கு வேறு பயம். அதை மதிப்பெண் இல்லாத எழுத்தாக வைத்துக்கொள்ளலாம், எழுதியவரே வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

20 மதிப்பெண்ணுக்கு இப்படிப் பிரிப்பது நடைமுறையில் நிற்கிறது. பாதிக்கப்படுவோர் யார் யார் என்று காண்பதற்கு 3. கேள்வியில் பேசாத ஆட்களும் இதில் வர வேண்டும்: அந்தப் பிள்ளைகள், அடுத்த ஆண்டு அங்கே கணக்கெடுக்கப் போகும் ஜூனியர்கள். எந்தக் கடமையோடு எந்தக் கடமை மோதுகிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்வதற்கு 4. தெரிந்ததையும் ஊகத்தையும் பிரிப்பதற்கு 3. ஒரு கோட்பாட்டைச் சொல்லி, அதை இந்தச் சூழலின் விவரங்களோடு இணைத்து முடிவுக்கு வருவதற்கு 6. எதிர்வாதத்தின் வலுவான வடிவத்தை எடுத்து எழுதி, தன் முடிவால் வரும் நஷ்டத்தை ஒப்புக்கொள்வதற்கு 4. மொழி நடைக்கும் கையெழுத்துக்கும் பூஜ்யம். இது கேள்வித்தாளிலேயே அச்சாக வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள்.

எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்காக எந்த முடிவும் ஒன்றுதான் என்று அர்த்தமில்லை. "காசு கொடுத்தால் பட்டியல் தருவேன்" என்பவர் நான்காவது அளவுகோலில் தானாக விழுவார். அதை நியாயப்படுத்தும் கோட்பாடு எதையும் அவரால் கட்ட முடியாது.

இனி மூன்று வகை விடைகள்.

"கல்வி ஒவ்வொரு குழந்தையின் பிறப்புரிமை. கல்வி இல்லாத வாழ்வு இருண்ட வாழ்வு. எனவே எண்களைக் கொடுத்து அவர்கள் வாழ்வில் விளக்கேற்றுவேன்." பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும். இங்கே 5 மதிப்பெண். ஒரு கடமை இருக்கிறது, மோதல் இல்லை. வாக்குக் கொடுத்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பயந்த அம்மா காணவில்லை.

"ரகசியம் காப்பேன் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். மீறினால் அந்தப் பகுதியில் இனி யாரும் எந்த மாணவரையும் நம்பிப் பேச மாட்டார்கள். ஆகவே கொடுக்க மாட்டேன்." இது 10. காரணம் இருக்கிறது, விளைவும் சூழலோடு ஒட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு வரி கூட இல்லை. ஏழு வீடும் ஒன்றாகவே இருக்கிறது.

"எண்களைக் கொடுக்க மாட்டேன். இன்று மதியமே அந்த 7 வீட்டுக்கும் போய், 'பள்ளியில் சேர்க்க ஒருவர் உதவுகிறார், உங்கள் கதவு எண்ணைச் சொல்லட்டுமா' என்று கேட்பேன். வேண்டாம் என்பவர்களிடம் அக்காவின் போன் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வருவேன். அந்த 3 வீட்டில், நிறுவனம் யாரிடம் பட்டியலைத் தரும் என்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். இதில் ஒரு நஷ்டம் உண்டு. பெற்றோர் மறுத்தால் அந்தப் பிள்ளை இந்த ஆண்டும் வெளியேதான் நிற்கும். பிள்ளையின் விருப்பத்தை நான் கேட்கவே இல்லை." இது 17. மூன்று ஏன் போயிற்று? 40 வீட்டில் குறிப்பாக அந்த ஏழுக்கு மட்டும் மறுபடி போய் நின்றாலே அக்கம்பக்கம் கணக்குப் போட்டுவிடும். அதை அவர் பார்க்கவில்லை. கூடவே, "குழந்தையின் உரிமை பெற்றோரின் சம்மதத்துக்குக் கட்டுப்பட்டதா" என்ற எதிர்வாதத்தைத் தொட்டுவிட்டு அதன் முழு வலுவுக்குப் போகாமல் நிறுத்திவிட்டார்.

இந்த மூன்றையும் தேர்வுக்கு முந்தைய வாரம் வேறொரு சூழலில் எழுதி வகுப்பில் கொடுத்து மாணவர்களையே திருத்தச் சொல்லுங்கள். முதல் விடைக்குத்தான் அதிகம் போடுவார்கள். ஏன் 5 என்று விளக்கும் அந்த அரை மணி நேரம், அறநெறி பற்றிய விரிவுரையைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மேற்கோள் விஷயம் தனி. தமிழ் மீடியம் தாள்களில் குறள் நிறைய வரும். மேற்கோளைப் பார்த்ததும் பேனா தானாக ஒரு மதிப்பெண் போட்டுவிடும், அதைத் தடுத்தாக வேண்டும். வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்ற 292-ஆம் குறளை இந்தக் கேள்விக்கு எழுதுவார்கள்: "அப்படி ஒரு வீடும் இல்லை என்று அக்காவிடம் பொய் சொல்வேன்." குறள் ஒரு நிபந்தனை வைக்கிறது. இந்தப் பொய்யால் வரும் நன்மை குற்றமற்றதா, ஏழு பிள்ளைகளின் ஓராண்டுப் படிப்பு அதில் போகிறதே என்று கேட்டுப் பார்த்தவருக்கு நான்காவது அளவுகோலில் 5 அல்லது 6. நிபந்தனையைக் கண்டுகொள்ளாமல் எழுதியவருக்கு 2. காண்ட், மில் என்று மேற்கத்தியத் தத்துவவாதிகளின் பெயர் தூவும் இங்கிலீஷ் மீடியம் தாளுக்கும் இதே தராசு.

ஒரு தகவலை மாற்றிக் கேட்பது

முதல் விடைக்கு 40 நிமிடம். தாளை வாங்கிவிட்டு ஒரு சின்னத் துண்டுத்தாள் கொடுங்கள், 10 நிமிடம்: "ஒப்புதல் தாளில் 'பிள்ளைகளின் நலனுக்காகத் தேவைப்பட்டால் விவரம் தொண்டு நிறுவனத்திடம் பகிரப்படும்' என்று எழுதியிருந்தது. உங்கள் முடிவு மாறுமா?" இதற்கு 5 மதிப்பெண், மொத்தம் 25.

இரண்டாவது விடை எழுதிய மாணவரை எண்ணிப் பாருங்கள். அவரது ஒரே தூண் கொடுத்த வாக்கு. தூணை எடுத்தாயிற்று. முடிவு மாற வேண்டும், அல்லது புதுக் காரணம் வர வேண்டும். இரண்டும் இல்லாமல் "என் முடிவில் உறுதியாக இருக்கிறேன்" என்று எழுதினால், முதல் தாளில் எழுதிய காரணம் அவருடைய முடிவைத் தாங்கியிருக்கவில்லை என்று தெரிகிறது. மாறாக, "கையெழுத்துப் போட்ட அம்மாவுக்கு அந்த வரி படித்துக் காட்டப்பட்டதா என்பது எனக்கு முக்கியம்" என்று எழுதுபவருக்கு முழு மதிப்பெண். மாற்றியதற்காகவோ மாற்றாததற்காகவோ மதிப்பெண் கிடையாது. காரணத்துக்கும் முடிவுக்கும் உள்ள கயிறு இழுபடுகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

நடுவழி விடைகளை அடைக்கவும் துண்டுத்தாள் உதவும். "போய்க் கேட்பேன்" என்று பாதி வகுப்பு எழுதிவிட்டால் கேள்வி எளிதாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை துண்டில் "இரண்டு வீடுகள் பூட்டியிருக்கின்றன, 5 மணிக்குள் யாரும் வரப்போவதில்லை" என்று சேர்த்தால் மோதல் திரும்பி வரும்.

சாட்ஜிபிடி கவலைக்கும் பெரும்பாலும் இதுவே விடை. வீட்டில் எழுதிவரச் சொன்னால் எல்லாத் தாளிலும் ஐந்து தலைப்பும் சமநிலையான முடிவுரையும் வரும். வகுப்பில், கையால், துண்டுத்தாளோடு என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. வீட்டு அசைன்மென்ட்தான் வழி என்றால் ஆளுக்கு 4 நிமிட வைவா வைத்து ஒரே ஒரு தகவலை மாற்றிக் கேளுங்கள். 60 பேருக்கு 4 மணி நேரம். கொஞ்சம் வலிக்கும்.

ஷிஃப்ட் கல்லூரிகளில் காலை ஷிஃப்ட்டில் கொடுத்த கேள்வி மதியம் ஒரு மணிக்குள் அடுத்த ஷிஃப்ட்டின் போனில் இருக்கும். சூழல் கசிந்தால் அவ்வளவு மோசமில்லை, துண்டுத்தாளை மட்டும் ஷிஃப்ட்டுக்கு ஒன்றாக வையுங்கள்.

திருத்துவது

ஒரு தாளுக்கு 6 நிமிடம் வையுங்கள். 60 தாளுக்கு 6 மணி நேரம். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் 40-ஆவது தாளுக்குப் பிறகு எல்லாருக்கும் 12-தான் விழும். பெயரை மறைத்து டம்மி எண் போடுங்கள். முதல் சுற்றில் முதல் மூன்று அளவுகோலை மட்டும் எல்லாத் தாளிலும் பாருங்கள், இரண்டாம் சுற்றில் மீதி இரண்டையும் துண்டுத்தாளையும். கட்டைக் கலைத்து அடுக்கிவிட்டு இரண்டாம் சுற்றைத் தொடங்குவது நல்லது. ஓரத்தில் ஒற்றை எழுத்துக் குறிகள் போதும்: ஆட்களுக்கு "ஆ", மோதலுக்கு "மோ", ஊகத்துக்கு "ஊ", காரணத்துக்கு "கா", எதிர்வாதத்துக்கு "எ". "என் கருத்து பிடிக்கவில்லை என்று குறைத்துவிட்டார்" என்ற புகார் துறைத் தலைவரிடம் போகும்போது இந்தக் குறிகள்தான் பேசும்.

தொடங்கும் முன் துறையில் இன்னொருவரோடு உட்காருங்கள். ஆறு தாளை ஜெராக்ஸ் எடுத்து இருவரும் தனித்தனியே திருத்தி, பிறகு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பெரும்பாலும் "மோதல்" அளவுகோலில் வரும். ஒருவர் இரு கடமைகளும் தாளில் எங்காவது இருந்தாலே போடுவார், மற்றவர் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிறுத்தியிருந்தால்தான் போடுவார். எது என்று அப்போதே முடிவுசெய்து எழுதி வைத்துவிடுங்கள். பிறகு 60-இல் 12 தாளை இருவரும் திருத்தினால் போதும்.

ஒத்துப்போகும் விழுக்காட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். இருவரும் ஓர் அளவுகோலில் "தேறியது, தேறவில்லை" என்று இரண்டே வகையாகப் பிரிக்கிறீர்கள், இருவருமே 80 விழுக்காட்டுத் தாளைத் தேற்றிவிடுகிறீர்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 0.8 × 0.8 + 0.2 × 0.2 = 0.68, அதாவது 68 விழுக்காடு ஒத்துப்போகும். உங்கள் ஒப்புமை 75 விழுக்காடு என்றால், தற்செயல் ஒப்புமையைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா என்ற அளவு (0.75 − 0.68) ÷ (1 − 0.68), ஏறக்குறைய 0.22. அது பலவீனமான ஒப்புமை. நாக் கோப்பில் 75 என்று எழுதினால் அழகாக இருக்கும், அட்டவணை சரியில்லை என்பது மறைந்துவிடும். 12 தாளில் கப்பா நிலையாக இருக்காது என்பதும் உண்மை. இரண்டு மூன்று செமஸ்டர் தாள்களைச் சேர்த்துப் பாருங்கள்.

நம் சாய்வைப் பிடிக்க எளிய வழி ஒன்று. திருத்தி முடித்ததும் தாள்களை முடிவுப்படி மூன்று கட்டாகப் பிரியுங்கள்: கொடுப்பேன், கொடுக்க மாட்டேன், நடுவழி. கட்டுக்குக் கட்டு சராசரி பாருங்கள். ஒரு கட்டு மற்றதைவிட 3 மதிப்பெண் தாண்டி நின்றால், குறைந்த கட்டில் அதிகம் வாங்கிய இரண்டு தாளையும் உயர்ந்த கட்டில் குறைவாக வாங்கிய இரண்டு தாளையும் மறுபடி படியுங்கள். நம் சொந்தக் கருத்தோடு ஒத்துப்போகும் கட்டுதான் பெரும்பாலும் வீங்கியிருக்கும். நீளத்துக்கும் இதையே செய்யலாம்: நான்கு பக்கத் தாள்கள், இரண்டு பக்கத் தாள்கள்.

செமஸ்டர் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து முன்னேற்றம் காட்ட வேண்டுமானால் ஒரே கேள்வியை இருமுறை கொடுக்காதீர்கள், நினைவு வந்துவிடும். இரண்டு சூழல் தயாரித்து, ஒற்றைப்படை ரோல் எண்ணுக்கு முதலில் ஒன்று, இரட்டைப்படைக்கு மற்றது, முடிவில் மாற்றிக்கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது கேள்வி எளிதாக இருந்ததை முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்வோம். இருமுறை எழுதிய தாள்களையும் கலந்து, எது முதல் எது கடைசி என்று தெரியாமல் திருத்த வேண்டும்.

பாடத்துக்குப் பாடம் சூழல் மாறும். பொருளாதாரத்துக்கு மகளிர் உரிமைத்தொகை விண்ணப்ப முகாம் நல்ல களம். 2023-இல் அறிவித்த தகுதி வரம்பில் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவிடும் குடும்பத்துக்கு இடமில்லை. ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் இருக்கும் வீட்டிலிருந்து வரும் பெண்ணின் படிவத்தை நிரப்பும் தன்னார்வலர் என்ன எழுத வேண்டும்? அரசியல் அறிவியலுக்கு 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து வீடுகளை அகற்றிய விவகாரம், ஒரு வார்டு கவுன்சிலரின் இடத்திலிருந்து. உளவியலில், மாணவரே நடத்தும் சின்னச் சோதனையில் உண்மை நோக்கத்தை மறைப்பதே ஒரு சூழலாகப் போதும். சமூகப்பணியில் களப்பணிப் பதிவேடே கையில் இருக்கிறது, ஆனால் அதில் நிஜ மனிதர்களின் விவரம் இருப்பதால் மதிப்பீட்டுக்கு எடுக்கும் பக்கத்தில் பெயர், தெரு, வேலையிடம் மூன்றையும் அடித்துவிட்டே இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும்.

உண்மை நிகழ்வைக் கேள்வியாக்கும்போது இடம், சட்டம், ஆண்டு சரியாக இருக்கட்டும், மனிதர்கள் கற்பனையாக இருக்கட்டும். வகுப்பில் அந்தக் குடியிருப்பிலிருந்தே வரும் மாணவர் இருக்கக்கூடும். "நீங்கள் ஆய்வு செய்யப் போகிறீர்கள்" என்ற வாக்கியம் அவரைத் தன் வீட்டுக்கே வெளியாளாக நிறுத்தும். வகுப்பில் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியாவிட்டால் இரண்டு சூழல் கொடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள விடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

தாள்களை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரியோடு. அந்த வரி கேள்வியாக இருந்தால் நல்லது: "பூட்டியிருக்கும் வீட்டுக்கு என்ன செய்வாய்?" நல்ல விடை இரண்டை எழுதியவர் அனுமதியோடு, பெயர் இல்லாமல் தட்டச்சு செய்து வாசியுங்கள். இரண்டும் எதிரெதிர் முடிவுக்கு வந்தவையாக இருக்கட்டும்.

அடுத்த ஆண்டு அதே சூழல் சீனியர்களின் நோட்டில் இருக்கும். பெரும்பாக்கத்தை இன்னொரு மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர் என்று மாற்றினால் யாரும் ஏமாற மாட்டார்கள். முடிவெடுப்பவரை மாற்றுங்கள்: இந்த முறை மாணவர் அந்தத் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். கல்லூரிப் பெண் ஒருத்தி எண்களைத் தர மறுக்கிறாள், ஆனால் அவள் கணக்கெடுப்புத் தாள்கள் இருக்கும் பை அலுவலகத்தில்தான் கிடக்கிறது. பழைய விடையை மனப்பாடம் செய்தவருக்கு அதில் ஒரு வரி கூடப் பயன்படாது.